மளிகைக்குப் பன்னிரண்டாயிரம், சரி, எதற்கு எவ்வளவு?

மளிகைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு தொகைதான் பதிலாக வரும். எட்டாயிரம், பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். அதில் எண்ணெய்க்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு, பிஸ்கட்டுக்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வியைப் போட்டால் கணவன் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். மனைவி கூரையைப் பார்ப்பார். மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது அரிசியும் பருப்பும்தான். அடுத்த மாத லிஸ்டில் துவரம்பருப்பு இரண்டு கிலோ ஒன்றரையாகும், முந்திரி அடிபடும். செலவு மட்டும் குறைந்திருக்காது.

பணம் வேறெங்கோ போகிறது என்பதை மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுக்க நடத்திய குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு தெளிவாகக் காட்டுகிறது. 2022-23 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒரு நபரின் மாதச் செலவு சராசரியாக 7,630 ரூபாய். கிராமப்புறத்தில் 5,310 ரூபாய். இலவசமாகக் கிடைத்த பொருள்களின் மதிப்பைச் சேர்க்காத கணக்கு இது. நான்கு பேர் உள்ள நகரத்துக் குடும்பம் என்றால் மாதம் 30,520 ரூபாய். இந்திய நகரங்களில் உணவுக்குப் போகும் பங்கு அந்த ஆண்டு 39 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. அந்தப் பங்கை இந்தக் குடும்பத்துக்கும் பொருத்திப் பார்த்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் வருகிறது. ஆக, அந்த ஒற்றைத் தொகை சரிதான். அதை இனவாரியாகப் பிரித்தால்தான் வேடிக்கை.

அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு மொத்தச் செலவில் 3.64 சதவீதம். நம் குடும்பத்துக்கு ஏறத்தாழ 1,110 ரூபாய். பருப்பு வகைகள் ஒன்றரை சதவீதத்துக்குப் பக்கம், நானூற்றுச் சொச்சம். சமையல் எண்ணெய் 2.37 சதவீதம், அதாவது எழுநூறு ரூபாய்க்குச் சற்று மேல். பாலும் பால் பொருள்களும் 7.22 சதவீதம், இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பானங்கள், நொறுக்குத் தீனி, பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கும் சாப்பாடு ஆகியவை சேர்ந்த இனம். 10.64 சதவீதம், மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல். அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் கூட்டினாலும் இதைத் தொட முடியாது. அனைத்திந்தியப் பங்கைத் தமிழ்நாட்டுத் தொகையோடு பெருக்கிய மாதிரிக் கணக்குதான் இது. ஆனால் இந்த இனத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால் நம் ஊர் நிலவரம் இதைவிட மோசமாகவே இருக்கக்கூடும்.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் படம் வேறாக இருந்தது. 2011-12-இல் நகரங்களில் தானியத்தின் பங்கு 6.6 சதவீதம் அளவில் இருந்தது. நொறுக்கு, வெளிச்சாப்பாட்டின் பங்கு 9 சதவீதம்தான். வருமானம் கூடக்கூட உணவுக்குப் போகும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்துச் சொன்னார். அது இங்கேயும் பலித்திருக்கிறது. நம் அடுப்படிச் சிக்கனம் மட்டும் இன்னும் அரிசிப் பானையையே சுற்றி வருகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் வீடு முதலில் பார்க்க வேண்டியது எந்த இனத்தில் பணம் கரைகிறது என்பதை.

சரி, எப்படிப் பிரிப்பது? பலர் கடைவாரியாகப் பிரிக்கிறார்கள்: சூப்பர் மார்க்கெட் ஐந்தாயிரம், அண்ணாச்சி கடை இரண்டாயிரம், செயலியில் ஆயிரம். பணம் யார் கைக்குப் போனது என்று மட்டும் அது சொல்லும்; எதற்குப் போனது என்று சொல்லாது. செல்பேசியில் பணம் அனுப்பும் பழக்கம் வந்தபின் இந்தக் குழப்பம் கூடிவிட்டது. மாதக் கடைசியில் பட்டியலைத் திறந்தால் ஒரே கடையின் பெயருக்கு எதிரே 340, 85, 212 என்று வரிசையாக நிற்கும். அந்த 85 தயிரா, குளிர்பானமா, பாத்திரம் தேய்க்கும் சோப்பா என்பது கடவுளுக்கும் கடைக்காரருக்கும்தான் வெளிச்சம்.

ஒவ்வொரு செலவும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது பயன்தரும். அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, புளி, மிளகாய் போன்ற மாதச் சாமான்களின் அளவு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது, விலைதான் மாறும். பால், காய்கறி, பழம் தினசரிக் கை நீட்டல். விலை வாரத்துக்கு வாரம் ஆடும். கறி, மீன், முட்டை நாள்காட்டி பார்த்து ஏறி இறங்கும். நொறுக்கும் வெளிச்சாப்பாடும் மனசைப் பார்த்து. சோப்பு, பற்பசை, சலவைத்தூள், ஊதுபத்தி, கற்பூரம் ஆகியவை உணவே இல்லை. ஆனாலும் மளிகை பில்லில் ஏறிக்கொண்டு சாப்பாட்டுச் செலவு என்ற கெட்ட பெயரை வாங்கித் தருகின்றன. ஐந்து இனம் போதும். பதினைந்து இனம் பிரித்து வண்ண வண்ணப் பேனாவால் எழுதத் தொடங்கிய நோட்டுகள் பத்தாம் தேதியைத் தாண்டுவதில்லை.

முதல் இனத்துக்குத் தொகை போடுவதைவிட அளவு போடுவது புத்திசாலித்தனம். அதற்கு உதவ, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மில்லி பால், 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் என்பது அதன் கணக்கு. நான்கு பேருக்கு முப்பது நாளுக்குப் பெருக்கினால் எண்ணெய் 3,240 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும் என்பதால் மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்துத்தான் இந்த மூன்றரை. மாதம் ஐந்து லிட்டர் காலி செய்யும் நான்கு பேர் வீட்டுக்குப் பணமும் மிச்சம், மருந்துச் செலவும் மிச்சம் என்று ஒரே இடத்தில் இரண்டு லாபம் காத்திருக்கிறது.

பருப்பின் கதை நேர் எதிர். 85 கிராம் வீதம் பெருக்கினால் நான்கு பேருக்கு மாதம் பத்து கிலோ வருகிறது. இதில் முட்டையும் மீனும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் என்றாலும், சராசரிக் குடும்பம் பருப்புக்குச் செலவழிக்கும் நானூற்றுச் சொச்சத்தில் மூன்று கிலோ, மிஞ்சினால் நான்கு கிலோதான் வாங்க முடியும். ஏற்கெனவே குறைவாக வாங்கும் பொருளில்தான் சிக்கனக் கத்தி முதலில் விழுகிறது. சாம்பார் தண்ணீராவதற்கும் பிள்ளைகளின் டப்பாவில் சிப்ஸ் பாக்கெட் நிற்பதற்கும் இடையே இருக்கும் தொடர்பை இனவாரிக் கணக்கு மட்டுமே காட்டும்.

எண்ணெயில் அளவைப் பிடித்தாக வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா சமையல் எண்ணெய் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு ஓரளவு குறைத்தது. ஜகார்த்தாவிலும் டெல்லியிலும் நடக்கும் முடிவுகளுக்கு நம் அடுப்படியில் நாம் சொல்லக்கூடிய ஒரே பதில், பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்று திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைப்பதுதான். எண்ணெய் பாக்கெட்டை வாங்கும்போது எடையையும் பார்க்க வேண்டும். லிட்டர் பாக்கெட் போலவே உப்பியிருக்கும் சில பாக்கெட்டுகளில் 850 கிராம், 800 கிராம், ஏன் 750 கிராம்கூட இருக்கும்.

பாக்கெட்டின் விலை அப்படியே நிற்க, உள்ளே எடை மட்டும் இளைக்கும் வித்தை பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் பழையது. இதற்காகவே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் திருத்தப்பட்டிருக்கின்றன. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையை இந்தப் பொடி எழுத்து பல சமயம் உடைத்துவிடும்.

அரிசி மூட்டையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரை ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. கிலோ 60 ரூபாய் அரிசி என்றால் 25 கிலோவுக்கு வரி மட்டும் 75 ரூபாய். நம் ஊர் ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 26 கிலோ மூட்டை பிறந்தது. வரம்பைத் தாண்டிவிட்டதால் வரி இல்லை. 26 கிலோவை ஒரே தடவை வாங்க முடியாத வீடுதான் பத்து கிலோ, ஐந்து கிலோ பையில் வரியோடு வாங்குகிறது. அந்த வீட்டுக்கு வழி, கடையில் திறந்த மூட்டையிலிருந்து அளந்து வாங்குவது. சில்லறையாக நிறுத்துத் தரும் அரிசிக்கு வரி கிடையாது.

ரேஷன் பொருளைக் கணக்கில் தனி வரியாக எழுதுவது நல்லது. தமிழ்நாட்டில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகள் இருக்கின்றன. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். வெளியே பருப்பு 130 விற்கும் மாதத்தில் அந்த ஒரு கிலோவே நூறு ரூபாய் மிச்சம். ரேஷன் புழுங்கலரிசியைச் சோற்றுக்கு ஒப்பாத வீடுகள்கூட இட்லி மாவுக்கு ஊறப்போடுகின்றன. அப்படிச் செய்யும் வீட்டில் இட்லி அரிசியும் கடையில் வாங்குகிறார்கள் என்றால் லிஸ்டில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

மாவு என்றதும் மாவுப் பாக்கெட் நினைவுக்கு வராமல் போகாது. ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் இரண்டரை கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கும். கடைப் பாக்கெட் விலையோடு ஒப்பிட்டால் வீட்டு மாவு மலிவு. ஆனால் காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பெண்ணிடம் கிரைண்டர் கழுவச் சொல்லிக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. அவர் பாக்கெட் வாங்கட்டும். வாங்கும் மாதத்தில் மாதச் சாமான் லிஸ்டில் இட்லி அரிசியும் உளுந்தும் குறைய வேண்டும்; அது நடக்காமல் இரண்டும் சேர்ந்து ஏறுவதுதான் பல வீடுகளின் நோய்.

பாலில் பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. 2021 மே மாதம் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபின் நீலப் பாக்கெட் பால் லிட்டர் 40 ரூபாய்க்கு வந்தது. தனியார் பால் அதைவிடப் பத்து ரூபாய் கூடுதல் என்றே வைத்தாலும், நாளுக்கு 1.2 லிட்டர் வாங்கும் வீட்டுக்கு மாதம் 360 ரூபாய் வித்தியாசம். காப்பி திக்காக வேண்டும் என்பவர்கள் ஆரஞ்சுப் பாக்கெட்டுக்குப் போவார்கள். அது ருசிக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்தே கொடுக்கலாம்.

காய்கறிக்கு மாதத் தொகை ஒன்றைக் கட்டிவைத்து அதிலேயே நிற்பேன் என்றால் தக்காளி சிரிக்கும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியபோது, அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டி வந்தது. 2019 டிசம்பரில் பெரிய வெங்காயம் இதே ஆட்டத்தை ஆடியது. ஒரு பருவத்தில் பறித்த கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் சாலையோரம் கொட்டப்படும் அதே தக்காளிதான் மழைக்காலத்தில் மதிப்பு கூடி வருகிறது. அதனால் இந்த இனத்துக்கு ஆண்டுச் சராசரியில் தொகை வைத்து, மலிவான மாதத்தில் மிஞ்சியதை வேறு இனத்துக்கு விடாமல் ஜூலைக்கும் கார்த்திகைக்கும் நிறுத்திவைப்பதே சரி. விலை ஏறிய வாரம் தக்காளிக்குப் பதில் புளி என்பது நம் சமையலுக்குப் புதிதும் இல்லை. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் வசதி. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அங்கே வாங்காவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் தெருமுனைக் கடைக்குப் போனால் பேரம் பேச வாய் வரும்.

கறி, மீன் இனத்துக்கு நாள்காட்டியே எஜமான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் மீன் விலை ஏறத்தான் செய்யும். புரட்டாசியில் பல வீடுகளில் கவிச்சியே கிடையாது. நாமக்கல்லில் முட்டை விலையும் இறங்கும். புரட்டாசியில் மிஞ்சிய பணம் எங்கே போனது என்று ஐப்பசியில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அது பெரும்பாலும் மாதக் கடைசிச் செலவில் கரைந்திருக்கும். பிறகு தீபாவளிப் பலகாரத்துக்குக் கடலை மாவும் எண்ணெயும் நெய்யும் வாங்கக் கைமாற்று. ஒரு மாத விரதத்தின் மிச்சத்தை அடுத்த மாதப் பலகாரத்துக்கு எழுதி வைப்பது எவ்வளவு இயல்பான ஏற்பாடு! தெரியாத ஆளிடம் வாராவாரம் தீபாவளிச் சீட்டுக் கட்டுவதைவிட இது பத்திரமானதும்கூட.

இனிப் பெரிய இனத்துக்கு வருவோம். நொறுக்கும் வெளிச்சாப்பாடும் கணக்கு நோட்டுக்குள் வருவதே இல்லை என்பதுதான் அதன் பலம். வேலைக்குப் போகும் ஒருவர் நாளுக்கு இரண்டு டீ குடிக்கிறார், டீ 15 ரூபாய் என்று வைத்தால், 26 வேலை நாளில் 780 ரூபாய். வடை இல்லாமல். சராசரிக் குடும்பத்தின் மாத எண்ணெய்ச் செலவைவிட இது அதிகம். ஆனால் எண்ணெய் விலை ஏறியது என்று புலம்பும் வீட்டில் டீயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது ‘அவர் கைச்செலவு’. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பத்து ரூபாய், ஞாயிறு இரவு புரோட்டா, விருந்தாளி வந்ததால் மிக்சர் எல்லாம் இதே வகை. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலிகள் இப்போது இதில் சேர்ந்திருக்கின்றன. கொத்தமல்லிக்கட்டு ஒன்றுக்காகத் திறந்தால், கட்டணமில்லாமல் கொண்டுவர இன்னும் இவ்வளவு ரூபாய்க்கு வாங்குங்கள் என்று கேட்கும். அந்த இடைவெளியை நிரப்புவது எப்போதும் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும்தான். யாரும் உளுந்து வாங்கி நிரப்பியதாகச் செய்தி இல்லை.

இந்த இனத்தை ஒழிக்கச் சொல்வது வீண். ஒழித்த வீடுகளில் சண்டை வரும். அதற்கென ஒரு தொகையை மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, தனி உறையிலோ தனிக் கணக்கிலோ போட்டுவிடுவதுதான் நடைமுறையில் நிற்கிறது. ஒரு காரியத்துக்கென்று பெயரிட்டு வைத்த பணத்தை மனிதர்கள் இன்னொன்றுக்கு எடுக்கத் தயங்குவார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வீட்டுப் பெண்கள் கடுகு டப்பாவில் செய்து காட்டிய வேலைதான். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை டப்பாக்கள் திறக்கப்பட்டன என்பதை அந்தந்தக் குடும்பங்கள் மறந்திருக்காது.

ஐந்தாவது இனமான சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சலவைத்தூளுக்குக் குறையவில்லை. வரி குறைந்த அளவு பில்லும் குறைந்ததா என்று பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பார்க்க, இந்த இனத்தைத் தனியாக எழுதி வைத்திருந்தவர்களால் மட்டுமே முடிந்தது.

கணக்கு எழுதுவது ஆயுள் தண்டனை இல்லை. மூன்று மாதம் ஒழுங்காக எழுதினால் வீட்டின் போக்கு தெரிந்துவிடும்; பிறகு ஆட்டம் காட்டும் இரண்டு இனங்களை மட்டும் கவனித்தால் போதும். வீட்டில் ஒருவர் மட்டும் எழுதினால் டீக்கடை விட்டுப்போகும். எல்லோருடைய செலவும் நோட்டுக்கு வர வேண்டும். பண்டிகை வரும் ஐப்பசியிலும் தையிலும் தொடங்கினால் முதல் மாதத் தொகையைப் பார்த்தே பயம் வந்துவிடும். மாசி தோதானது. பொங்கல் செலவு முடிந்திருக்கும். புதுப் புளியும் மிளகாயும் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கும். வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி வெயிலில் காயவைக்கும்போதே நோட்டின் முதல் பக்கத்தையும் எழுதிவிடலாம்.